போத்தாகோஸின் மூன்றாவது கை

சனிக்கிழமை மதியம் மாப்பிள்ளை வீட்டார் தோடு போட்டு நிச்சயம் செய்ய வருகிறார்கள். போத்தாகோஸின் வலது மணிக்கட்டிலோ மாவுக்கட்டு.

கராகாந்தி நகரத்தில் மார்ச் மாதப் பனி பகலில் உருகி, சாயங்காலம் கண்ணாடியாக இறுகிவிடும். ரோபோ கிளப்பின் வாசற்படியில் அப்படி இறுகிய ஓரிடத்தில்தான் அவள் சறுக்கினாள். பின்னால் வந்த சன்ஜார் பாய்ந்து பிடித்தான். அவளை அல்ல, அவள் கையிலிருந்து பறந்த ரோபோவை.

"ரெண்டுல ஒண்ணத்தான் பிடிக்க முடிஞ்சுது" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான்.

"சரியானதைத்தான் பிடிச்சே. எலும்பு தானா ஒட்டிக்கும். சர்வோ மோட்டார் ஒட்டிக்குமா?" என்றாள் அவள். இவளைத்தான் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று அவன் அந்த நிமிடம் மறுபடியும் ஒருமுறை முடிவு செய்தான்.

அந்த ரோபோ ஒரு கை. அலுமினியத்தில் தோள், முழங்கை, மணிக்கட்டு, இரண்டு விரல். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சின்ன மோட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகப் போத்தாகோஸ் தன் செலவில், தன் ஓய்வு நேரத்தில் செய்தது. சன்ஜார் கிளப் இருந்த கட்டடத்தின் லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவன். லிஃப்ட் சரியான பிறகும் வந்துகொண்டே இருந்தான். லிஃப்டில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று அவன் சொல்ல, அதை எல்லோரும் கேட்டமாதிரி தலையாட்ட, கடைசியில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு வீட்டுக்கும் தெரிந்துபோனது.

சன்ஜாரின் அம்மா குல்யாஷ் பால்காஷில் இருக்கிறார். ஏரிக்கரை ஊர். பத்து வார்த்தையில் பேசக்கூடியதை மூன்றில் பேசி முடித்துவிடும் பெண்மணி. கை முறிந்த சேதியைச் சன்ஜார் போனில் சொன்னான்.

"வலது கையா?"

"ஆமாம்மா."

"என் மாமியார் என் கையால டீ குடிச்சிட்டுத்தான் எனக்குத் தோடு போட்டாங்க. அவங்களுக்கு அவங்க மாமியார். நானும் அப்படித்தான் போடுவேன்."

"தேதியை மாத்திக்கலாமே?"

"சொன்ன தேதியை மாத்தினா மாப்பிள்ளையே மாறிடுவான்னு சொல்வாங்க. சனிக்கிழமை வரேன். வேற யாராவது டீ ஊத்தட்டும், குடிக்கறேன். தோடு பையிலயே இருக்கட்டும். பிறகு பாக்கலாம்."

'பிறகு பாக்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று சன்ஜாருக்குத் தெரியும். பால்காஷில் அம்மாவின் சிநேகிதி மகள் ஒருத்தி பல் டாக்டராக இருக்கிறாள். நிதானமான கை. அவள் டீ ஊற்றினால் ஒரு சொட்டுக்கூடக் கிண்ணத்துக்கு வெளியே விழாது என்று அம்மா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"இடது கையால ஊத்தறேன்" என்றாள் போத்தாகோஸ்.

அவளுடைய அம்மா ரௌஷன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இடது கையால கிண்ணத்தை நீட்டறதுக்கு, வாசல்லயே கதவைச் சாத்திடலாம்!"

போத்தாகோஸ் மாவுக்கட்டைப் பார்த்தாள். அதில் கிளப் பிள்ளைகள் ஒட்டகம், ராக்கெட், இன்னும் ஏதோ வரைந்திருந்தார்கள். பிறகு மேஜை மேல் கிடந்த அலுமினியக் கையைப் பார்த்தாள்.

"அம்மா, இதுவும் என் கைதானே?"

*

வியாழக்கிழமை சமையலறையே தொழிற்சாலையாகிவிட்டது.

ஏற்பாடு எளிதுதான். கையின் அடியில், மோட்டார்களை ஆட்டிவைக்கும் கண்ட்ரோலர் போர்டு. அதற்குத் தனி பேட்டரி. கட்டளை கொடுக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் ஒரு பழைய டீத்தூள் டின்னுக்குள் திருகிவைக்கப்பட்டிருந்தது. அதற்குத் தனி சார்ஜர். இரண்டையும் இணைக்க மூன்று வயர். போத்தாகோஸ் இடது கையால் பொத்தானை அமுக்கினால், டின் கட்டளை சொல்லும், போர்டு கேட்டுக்கொள்ளும், கை கெண்டியைத் தூக்கிச் சாய்த்து நிமிர்த்தும், பிறகு கிண்ணத்தை விருந்தாளிப் பக்கம் மெதுவாகத் தள்ளும்.

ஒற்றைக் கையால் வயர் முனைகளில் பின் பொருத்த முடியாது. அந்த வேலை சன்ஜாருக்கு. அவன் ஒவ்வொரு வயரையும் சீவி, பின்னில் வைத்து இடுக்கியால் நசுக்கும்போதும் அவள் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். அவள் முடி அவன் தோளில் விழுந்தது. அவன் கண் வேலையில் இருந்தது என்று சொல்ல முடியாது.

பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"ஆட மாட்டேங்குதே" என்றான்.

"எப்படி ஆடும்? டின்னு, போர்டு ரெண்டு பேரோட வாயையும் ஒட்டி வச்சிருக்கே. இவன் வாய் அவன் காதுக்குப் போகணும். அவன் வாய் இவன் காதுக்கு."

"ரெண்டு பக்கமும் ஒரே பேர் எழுதியிருந்துச்சு. ஒரே பேரை ஒண்ணா மாட்டினேன்."

"லிஃப்ட்லயும் இப்படித்தான் மாட்டுவியா?"

"லிஃப்ட் யார்கூடவும் பேசாது போத்தா. ஏறும், எறங்கும். தங்கமான பொண்ணு."

"அப்போ அவளையே கட்டிக்கோ. அந்த ரெண்டு வயரையும் மாத்திப் போடு."

மாற்றிப் போட்டான். இப்போது கை ஒருமுறை துடித்து, இரண்டு விரலையும் விரித்து, யாரையோ கூப்பிடுவதுபோல் அசைத்துவிட்டு நின்றது. போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டளை புரிந்தால் பச்சை, உளறலாக வந்தால் சிவப்பு.

"கேக்குது, ஆனா புரியல" என்றாள் அவள். "டின்னு வேகமாப் பேசுது. போர்டு அதோட வேகத்துல கேட்டுட்டிருக்கு. ரெண்டும் ஒரே வேகத்துல இருக்கணும். நீயும் உங்கம்மாவும் போன்ல பேசற மாதிரி இருக்கு. நீ நாலு கதை சொல்லி முடிக்கறதுக்குள்ள அவங்க 'ம்' சொல்றாங்க, அது எந்தக் கதைக்குன்னு யாருக்கும் தெரியாது."

லேப்டாப்பில் வேகத்தைக் குறைத்தாள். பொத்தானை அமுக்கினாள். பச்சை. கை நிதானமாக எழுந்து கெண்டியைப் பிடித்தது. கெண்டி சின்னது. பாதிக்கு மேல் நிரப்பினால் தோள் மோட்டார் முனகும். சாய்ந்தது, ஊற்றியது, மேஜையில் கொஞ்சம், கிண்ணத்தில் கொஞ்சம்.

ரௌஷன் ஓடிவந்தார். "என் மேஜை! நில்லுங்க, நில்லுங்க." பரண் அலமாரியிலிருந்து ஒரு பெரிய பழைய உலோகத் தட்டை இழுத்து எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். தட்டின் அடி முழுக்கக் கரி. "இதுமேல எவ்வளவு வேணா சிந்துங்க."

அன்றும் மறுநாளும் கை அந்தத் தட்டின் மேல்தான் பழகியது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"அளவுதான் முக்கியம்" என்று ரௌஷன் கிண்ணத்தில் விரல் வைத்துக் காட்டினார். "பாதிக்கும் கீழ. அப்போதான் இருங்க, இன்னும் குடிங்க, பேசலாம்னு அர்த்தம். விளிம்பு வரைக்கும் ஊத்தினா, குடிச்சிட்டு நடையைக் கட்டுங்கன்னு அர்த்தம். உன் மெஷினுக்கு அது தெரியுமா?"

"தெரியாதும்மா. எனக்குத் தெரியும். நான் சொல்றதை அது கேக்கும்."

அப்பா துர்சின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வீட்ல சொன்னதைக் கேக்கற முதல் ஆள் இதுதான்" என்றார்.

*

சனிக்கிழமை குல்யாஷ் தன் இரண்டு நாத்தனார்களோடு வந்தார். கையில் புகையூட்டிய மீன் மூட்டை, தோளில் சின்னப் பை. அந்தப் பைக்குள்தான் தோடு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

அவர்கள் குடும்ப வழக்கப்படி இந்த நாளில் மாப்பிள்ளை பெண் வீட்டில் இருக்கக்கூடாது. தான் வேலைக்குப் போவதாக சன்ஜார் அம்மாவிடம் சொல்லியிருந்தான். வேலை நடந்த இடம் போத்தாகோஸ் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்புறம். கையில் ஸ்க்ரூடிரைவரோடு, வாயில் ஒரு பவர்சாக்கை அடைத்துக்கொண்டு, அவன் மூச்சை அடக்கி நின்றான். பொரித்த மாவு மொறுமொறுத்தால் அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்று மெல்லக்கூட இல்லை.

ரௌஷன் கூடத்து மேஜையில் தன் கல்யாணத்துக்கு வந்த தஸ்தர்கானை விரித்திருந்தார். வெள்ளை விரிப்பு, நாலு ஓரமும் நீல நூல் வேலை. அதன்மேல் பவர்சாக் குவியல், குதிரை இறைச்சி, உலர்ந்த பழம், சர்க்கரைக் கட்டி, மிட்டாய். நடுவே, மணமகள் இருக்கைக்கு முன்னால், அலுமினியக் கையும் டீத்தூள் டின்னும்.

"தட்டு எங்கேம்மா?" என்று போத்தாகோஸ் மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் கரித் தட்டையா? அவங்க முன்னாடி அதை வைக்கறதுக்கு நான் மேஜைக்கு அடியில போய் உக்காந்துக்குவேன். இப்போதான் சிந்தறதில்லையே."

நியாயமாகத்தான் இருந்தது.

குல்யாஷ் உட்கார்ந்து, அலுமினியக் கையை மேலும் கீழும் பார்த்தார். "இது என்ன?"

"என் கை, அபா" என்றாள் போத்தாகோஸ். மூத்த பெண்களை அபா என்றுதான் கூப்பிடுவார்கள். "அதோட எலும்பு ஒவ்வொண்ணும் நான் போட்டது. என்ன செய்யணும்னு நான்தான் சொல்றேன். நீங்க என் கையால டீ குடிக்கணும்னு சொன்னீங்க."

நாத்தனார்களில் மூத்தவர் இளையவரின் விலாவில் இடித்தார். குல்யாஷின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் பையைத் தோளிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரௌஷன் அதைக் கவனித்தார்.

"சரி" என்றார் குல்யாஷ். "ஊத்தட்டும்."

கிண்ணத்தில் பால் தயாராக இருந்தது. போத்தாகோஸ் பொத்தானை அமுக்கினாள்.

கை எழுந்தது. எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். கெண்டியைப் பிடித்தது. கெண்டி லேசாக நடுங்கியது. சாய்ந்தது. டீ விழுந்தது. பாதிக்கு வந்தது. இப்போது நிமிர வேண்டும்.

நிமிரவில்லை.

போத்தாகோஸ் மறுபடியும் அமுக்கினாள். போர்டில் சிவப்பு. மறுபடியும். சிவப்பு. டீ முக்கால் கிண்ணத்துக்கு வந்தது. விளிம்புக்கு வந்தது. விளிம்பில் ஒரு கணம் மேடுகட்டி நின்றது. பிறகு நீல நூல் வேலையை நோக்கி நடந்தது.

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. சன்ஜார் பாய்ந்து வந்து கெண்டியைப் பிடுங்கினான். அப்போது கை தன் பங்குக்கு, மறந்துபோன கட்டளை ஏதோ திடீரென்று ஞாபகம் வந்ததுபோல், நிரம்பி வழியும் கிண்ணத்தைக் குல்யாஷ் முன்னால் மிக மரியாதையாகத் தள்ளி வைத்தது.

இளைய நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார்.

குல்யாஷ் கிண்ணத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவன் உதட்டோரத்து பவர்சாக் துணுக்கைப் பார்த்தார்.

"லிஃப்ட் ஆபீஸ் இங்கயா இருக்கு?" என்றார்.

"அம்மா..."

"பேசாதே. நீ இங்க இல்ல. வேலைக்குப் போயிருக்கே." பிறகு கிண்ணத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "ராத்திரி பூரா ரயில்ல வந்தேன். இன்னும் உக்காந்த இடம்கூடச் சூடாகல. கிளம்பச் சொல்லிட்டாங்க."

"பல் டாக்டர் பொண்ணு இருக்கே..." என்று மூத்த நாத்தனார் யாரிடமும் இல்லாமல் ஆரம்பித்தார்.

"ஐயோ, குல்யாஷ் அக்கா, மெஷின்தானே..." ரௌஷன் துண்டால் விரிப்பை ஒற்றியெடுத்துக்கொண்டே தவித்தார். சம்பந்தி என்று சொல்ல வாய் வந்தது. தோடு இன்னும் பையில் இருந்ததால் விழுங்கிக்கொண்டார்.

போத்தாகோஸின் முகம் அந்த விரிப்பைப் போல வெளுத்திருந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

"அபா, கொஞ்ச நேரம் குடுங்க. இது என் கை. இதுல என்ன வலின்னு நான் கண்டுபிடிக்கறேன். அதுக்கப்புறம் நீங்க எந்த முடிவு எடுத்தாலும் சரி."

குல்யாஷ் பையின் வாரை விரலில் சுற்றினார். பிறகு அவிழ்த்தார். "கண்டுபிடி" என்றார். "அதுவரைக்கும் மீனை யாராவது நறுக்கி வைங்க. பசிக்குது."

*

சமையலறையில் அதே மேஜை, அதே தட்டு. கையையும் டின்னையும் தட்டின் மேல் வைத்து, காலிக் கெண்டியைக் கொடுத்து, பொத்தானை அமுக்கினாள். பச்சை. சாய்ந்தது, நிமிர்ந்தது, தள்ளியது. ஒரு பிசகு இல்லை.

"பேட்டரி இறங்கிடுச்சா?" என்றான் சன்ஜார்.

"இறங்கியிருந்தா இங்க எப்படி வேலை செய்யும்?"

கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். சிவப்பு. கை தலையில் கைவைப்பதுபோல் மேலே போய் நின்றுகொண்டது. சமையலறைக்குக் கொண்டுவந்தார்கள். பச்சை.

"இதுக்குக் கூச்சம்" என்றார் துர்சின். "நம்ம வீட்டு ஜனங்களை மாதிரிதான். விருந்தாளி வந்தா கை நடுங்கும். நான் உங்கம்மாவைப் பாக்கப் போனப்போ சூப்பை மாமனார் மடியில ஊத்தினேன்."

"அப்பா, கொஞ்சம் வெளியில இருங்க."

"நான் தைரியம் சொல்ல வந்தேன்."

"கூடத்துல போய் சொல்லுங்க. அங்கதான் தேவை."

துர்சின் போக, அவர் இடத்தில் குல்யாஷ் வந்து நின்றார். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, மீன் துண்டை மென்றபடி. கை மறுபடி ஒழுங்காகச் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்தார்.

"இங்க நல்லாத்தானே ஊத்துது. என்னைப் பாத்தா மட்டும்தான் போகச் சொல்லுதா?"

"இல்லை அபா" என்றாள் போத்தாகோஸ். "இப்போ உங்களைப் பாத்துட்டுத்தானே ஊத்துது." சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். "உங்களால இல்ல. சார்ஜர் அதேதான். வயர் அதேதான். வேகம் அதேதான். அப்போ கூடத்துல இருக்கறது எது, இங்க இல்லாதது எது?"

"நாத்தனாருங்க" என்றார் குல்யாஷ்.

போத்தாகோஸுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் வரக்கூடாத சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. குல்யாஷின் உதட்டோரமும் ஒரு நூல் அளவு அசைந்தது, உடனே மீனை மெல்லத் தொடங்கிவிட்டது.

சிரித்துக்கொண்டே போத்தாகோஸ் கூடத்தை எட்டிப் பார்த்தாள். பவர்சாக், இறைச்சி, பழம், சர்க்கரை. அதற்கெல்லாம் அடியில் வெள்ளை விரிப்பு. ரௌஷன் இன்னும் அதன் ஈரத்தை ஒற்றிக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வந்து, ஆணியில் தொங்கிய கைத்துண்டை எடுத்தாள். ரோபோக் கையின் அடியில், தட்டுக்கும் அதற்கும் நடுவே செருகினாள். பொத்தானை அமுக்கினாள்.

சிவப்பு.

துண்டை உருவினாள். பச்சை.

மறுபடி செருகினாள். சிவப்பு.

"துணி!" என்றாள். "சன்ஜார், துணி! துணி விரிச்சா செத்துப்போகுது!"

"மெஷினுக்குத் துணின்னா என்ன?" என்றார் குல்யாஷ்.

"துணிக்கும் மெஷினுக்கும் சம்பந்தம் இல்ல அபா. அடியில இருக்கற தட்டுதான் வேலையைப் பாத்துட்டு இருந்திருக்கு. கைக்கு அடியில நாலு போல்ட்டு இருக்கு. டின்னுக்கு அடியில திருகு தலை நீட்டிட்டு இருக்கு. ரெண்டும் இந்தத் தட்டைத் தொட்டுட்டு இருந்துச்சு. மூணு வயர்ல ஒண்ணு பேசறதுக்கு, ஒண்ணு கேக்கறதுக்கு. இந்தக் கறுப்பு வயர் பேசவும் செய்யாது, கேக்கவும் செய்யாது. ஆனா ரெண்டு பேருக்கும் பூஜ்யம் எதுன்னு இதுதான் சொல்லும். எங்க இருந்து எண்ணறதுன்னு தெரியாம ஒருத்தர் நூறுன்னா, இன்னொருத்தருக்கு அது என்னவோ கேக்கும். இது இல்லாம எவ்வளவு சத்தமாப் பேசினாலும் உளறல்தான்."

"கறுப்பு வயர் மாட்டித்தானே இருக்கு?" என்றான் சன்ஜார்.

போத்தாகோஸ் அதை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தாள். வெண்ணெயிலிருந்து முடி வருகிற மாதிரி பின்னை விட்டு வந்துவிட்டது. உள்ளே இருந்த செம்பு இழையை இடுக்கி தொடவே இல்லை. மேலே இருந்த பிளாஸ்டிக் உறையைத்தான் கடித்திருந்தது. தட்டு வருவதற்கு முன்பும், கூடத்தில் ஊற்றத் தொடங்கியபோதும், இழை பின்னில் பட்டும் படாமலும் உரசியதில்தான் வேலை ஓடியிருக்கிறது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். சன்ஜாரின் காது பழுத்த தக்காளி ஆகிவிட்டது.

"இதைப் பொருத்தறப்போ நீ எங்க பாத்துட்டு இருந்தே?" என்றாள் போத்தாகோஸ்.

அவன் கண் மறுபடியும் அதே பக்கம் போனது. அவன் பார்த்த பக்கத்தைக் குல்யாஷும் பார்த்தார். அங்கே போத்தாகோஸின் முடி தோளில் சரிந்து கிடந்தது.

"விளங்கிடுச்சு" என்றார் குல்யாஷ். "இவன் அப்பனும் இப்படித்தான் ஒரு வேலியை அடிச்சான். நான் பக்கத்துல நின்னேன். வேலி ஒரு வாரத்துல விழுந்துது."

"ஒரு கத்தி குடு, இப்பவே சீவி..." என்று சன்ஜார் கிளம்பினான்.

"நீ சீவினதைத்தான் பாத்தேனே. போதும்" என்றார் குல்யாஷ்.

"அப்போ தட்டையே எடுத்துட்டுப் போயிடலாம்" என்றாள் போத்தாகோஸ்.

கூடத்திலிருந்தே ரௌஷனின் குரல் வந்தது. "தட்டை எடுத்தே, நான் உன் அம்மா இல்ல!"

குல்யாஷ் மீன் கையைத் துடைத்துக்கொண்டார். நிதானமாகப் பையைத் திறந்தார். உள்ளே ஒரு சிவப்பு வெல்வெட் டப்பா. அதற்குள் நீண்ட தொங்கட்டான் வைத்த ஒரு ஜோடி வெள்ளித் தோடு. சின்னச் சின்னச் சங்கிலிகள், நுனியில் இலை இலையாக. அவர் மாமியார் அவருக்குப் போட்டது. அதற்கு முன்னால் மாமியாரின் மாமியார்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல உலோகம் ஏதாவது தொட்டுட்டு இருந்தாப் போதும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் அபா."

"வெள்ளி ஆகுமா?"

போத்தாகோஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். "வெள்ளியை விட நல்லது எதுவுமே இல்ல, அபா."

"அப்போ எடுத்துட்டு வா உன் கையை. ரயில்ல ஏறினதுலேருந்து டீ குடிக்கல நான்."

*

எல்லோரும் மறுபடி தஸ்தர்கானைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஈரமான இடத்தின் மேல் ரௌஷன் திராட்சைத் தட்டை வைத்து மறைத்திருந்தார். அலுமினியக் கை ஒரு பக்கம், டீத்தூள் டின் ஒரு பக்கம்.

குல்யாஷே முன்னால் குனிந்தார். ஒரு தோட்டின் கொக்கியைக் கையின் அடி போல்ட்டில் மாட்டினார். இன்னொரு தோட்டின் கொக்கியை டின்னின் திருகில் மாட்டினார். இரண்டின் சங்கிலிகளையும் நடுவில் ஒன்றோடொன்று கோத்துவிட்டார். வெள்ளி இலைகள் கிணுகிணுத்தன.

ரௌஷன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். துர்சின் கண் சிமிட்டக்கூட இல்லை.

போத்தாகோஸ் பொத்தானை அமுக்கினாள்.

பச்சை.

கை எழுந்தது. கெண்டியைப் பிடித்தது, நடுக்கமில்லாமல். சாய்ந்தது. பாலில் டீ விழுந்து நிறம் மாறியது. பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் நிமிர்ந்தது. கெண்டியைக் கீழே வைத்தது. கிண்ணத்தை விரிப்பின் மேல் மெதுவாக, மெதுவாகத் தள்ளிக் குல்யாஷின் முன்னால் நிறுத்தியது.

குல்யாஷ் எடுத்தார். ஊதினார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். அறையே அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பால் கொஞ்சம் அதிகம்" என்றார்.

"பால் நான் ஊத்தினேன்" என்று ரௌஷன் அவசரமாகச் சொன்னார்.

"அப்போ பொண்ணு கை மேல குறை இல்ல."

துர்சினால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றார். "தோடு போட்டாச்சு! எல்லாரும் பாத்தீங்க இல்ல? இவங்க கையாலயே மாட்டினாங்க! தோடு போட்டாச்சு!" என்று கூவி, மேஜையிலிருந்த மிட்டாய்த் தட்டை எடுத்து வீசினார். மிட்டாய்கள் தலையில், தோளில், திராட்சைத் தட்டில் விழுந்தன. நாத்தனார்கள் இரண்டு பேரும் பல் டாக்டரை மறந்து பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்கள். மங்கல மிட்டாயை யாரும் விட்டுவைப்பதில்லை.

"இருங்க, இருங்க!" என்றார் குல்யாஷ். "நான் மெஷினுக்கு மாட்டினேன்!"

"அது என் கை அபா" என்றாள் போத்தாகோஸ். "முதல்லயே சொன்னேனே."

"மாட்டினது மாட்டினதுதான்" என்றார் துர்சின். "திரும்ப எடுத்துட்டுப் போனா பால்காஷ் முழுக்கச் சிரிக்கும்."

குல்யாஷ் அவரைப் பார்த்தார், மிட்டாய் பொறுக்கும் நாத்தனார்களைப் பார்த்தார், மேஜைக்கு அந்தப் பக்கம் 'இங்கே இல்லாமல்' நிற்கும் மகனைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அவர் சிரித்து சன்ஜார் பார்த்ததே அபூர்வம். சத்தம் வராத சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"எடுத்துட்டுப் போறேன்னு யார் சொன்னா? இடம் மாத்தப் போறேன். தோடுன்னா காதுல இருக்கணும்." அவர் மேஜையைச் சுற்றி வந்து போத்தாகோஸின் பக்கத்தில் உட்கார்ந்தார். "எம் மருமக முழங்கையில தோடு போட்டிருக்கான்னு ஊர்ல எப்படிச் சொல்றது?"

அதற்குள் போத்தாகோஸ் மறுபடி பொத்தானை அமுக்கியிருக்க, கை இரண்டாவது கிண்ணத்துக்காகக் கெண்டியைத் தூக்கியிருந்தது. மூத்த நாத்தனாரின் கிண்ணம் அது.

"அம்மா, இப்போ எடுக்காதீங்க!" என்று சன்ஜார் பதறினான். "ஊத்திட்டு இருக்கு! எடுத்தா நிறுத்தாது!"

"நீ எதுக்கு இருக்கே? வேலைக்கு வந்தவன்தானே. பிடி."

அவன் ஒரு டீஸ்பூனை எடுத்து இரண்டு பக்கமும் தொடுகிற மாதிரி வைக்கப் பார்த்தான். எட்டவில்லை. இரண்டு டீஸ்பூனை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேஜைக்குக் கீழே பாதி உடம்பு போக, நெற்றியை விரிப்பில் அழுத்தி, மூச்சுவிடாமல் பிடித்தான். குல்யாஷ் தோட்டைக் கழற்றினார். விளக்கு பச்சையிலேயே நின்றது. நாத்தனாரின் கிண்ணம் பாதிக்குக் கீழே நிரம்பி நகர்ந்து வந்தது.

"இந்தத் தடவை சரியா நசுக்கிப் பிடிச்சிருக்கியா?" என்றாள் போத்தாகோஸ், தலையைத் திருப்பாமல்.

"உன்னைப் பாக்கலயே" என்றது விரிப்பில் அழுந்திய ஒரு குரல்.

குல்யாஷ் அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். மீன் வாசம் அடிக்கும் விரல்களால், முதலில் வலது காதில், பிறகு இடது காதில் மாட்டினார். போல்ட்டிலும் திருகிலும் மாட்டிய அதே கொக்கிகள். வெள்ளி குளிர்ந்திருந்தது. போத்தாகோஸ் மாவுக்கட்டுக் கையால் அவர் முழங்கையைத் தொட்டாள். அதிலிருந்த ஒட்டகத்தைக் குல்யாஷ் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதை வரைஞ்சது யாரு?"

"என் கிளப் பிள்ளைங்க."

"காலு அஞ்சு இருக்கே."

"ஒண்ணு உபரி, அபா. முறிஞ்சா உதவும்."

ரௌஷனுக்கு இப்போது தடையேதும் இல்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த வார்த்தை வெளியே குதித்தது. "சம்பந்தி! இன்னும் கொஞ்சம் இறைச்சி எடுத்துக்கங்க சம்பந்தி! அந்தப் பழம் எடுக்கவே இல்லையே சம்பந்தி!"

"எடுக்கறேன், எடுக்கறேன்" என்றார் குல்யாஷ். தன் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்து, காலிக் கிண்ணத்தை அலுமினியக் கையின் முன்னால் வைத்தார். டீஸ்பூன் பிடித்திருந்தவனின் கால் மேஜைக்கு அடியில் மரத்துப்போய் ஆட ஆரம்பித்திருந்தது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி காலணி நுனியால் அவனை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஆடாம பிடிடா." பிறகு மருமகளிடம் திரும்பினார். "உன் கைக்குச் சொல்லு. இந்தத் தடவை இன்னும் கொஞ்சமா ஊத்தட்டும். அடியில ஒரு வாய் இருந்தாப் போதும். நாங்க ரொம்ப நேரம் இருக்கப் போறோம்."